பிஸ்டன் தலையில் இருந்த அம்பு

நம் வயதுக்காரர்களுக்கு அந்தக் காரைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. ஆமை மாதிரி முதுகு வளைந்திருக்கும். முன்னால் மூடியைத் திறந்தால் சாமான் வைக்கும் இடம், இஞ்சின் பின்னால். ரேடியேட்டர் கிடையாது, தண்ணீர் ஊற்ற வேண்டாம், காற்றிலேயே ஆறிவிடும். ரப்பர் தோட்டத்தில் வளர்ந்த நம்மில் முக்கால்வாசிப் பேர் அதைத் துரை பங்களா வாசலில்தான் பார்த்திருப்போம். தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில், எங்கள் வீட்டு வாசலிலும் ஒன்று நின்றது. அதைப் பற்றி இத்தனை வருடம் நான் வாய் திறந்ததில்லை. ஆரம்பித்தால் முழுவதையும் சொல்ல வேண்டிவரும் என்ற பயம்தான்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஈப்போவில் நான் இருக்கும் தாமான் குடியிருப்பில், மூன்று வீடு தள்ளி ஒரு இளைஞன் அப்படியொரு பழைய காரை வாங்கி வைத்திருக்கிறான். போர்ச்சில் பாயை விரித்து இஞ்சினைப் பிரித்துப் போட்டிருந்தான். நான் சந்தையிலிருந்து கீரையும் தேங்காயும் வாங்கிக்கொண்டு வந்தேன். அவன் தன் கூட்டாளியிடம் சொல்வது காதில் விழுந்தது.

"அம்பு ஃபிளைவீல் பக்கம் பாக்கணும்லா. திருப்பிப் போட்டா அடிக்கும்."

"ஒடஞ்சிருமா?"

"ஒடையாதுலா. சத்தம்தான். அது பாட்டுக்கு ஓடும்."

நான் அவன் வீட்டு கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன். அவன் ஓடி வந்து பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டான். "என்னா ஆன்ட்டி, தலை சுத்துதா?" என்றான். வெயில் என்று சொல்லிச் சமாளித்தேன். வீட்டுக்கு வந்து கீரையை ஆய உட்கார்ந்தவள் மாலை வரை ஆய்ந்து முடிக்கவில்லை.

எங்கள் தோட்டம் காம்பார் பட்டணத்துக்குத் தெற்கே, பெரிய சாலையிலிருந்து செம்மண் பாதையில் வெகுதூரம் உள்ளே தள்ளி இருந்தது. இப்போது அங்கே பாதி செம்பனை, பாதி வீடுகள். அப்பா மரத்தில் பால் வெட்டுபவர் அல்ல. ரப்பர் பாலை உறைய வைத்து ஷீட் அடிக்கும் ஸ்டோரில் டீசல் இஞ்சினைப் பார்த்துக்கொள்பவர். 'இஞ்சின்காரர்' என்றுதான் தோட்டத்தில் அவருக்குப் பெயர். வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது ஸ்டோர் பக்கமிருந்து வரும் இஞ்சின் சத்தம் லேசாக மாறினாலும், சோற்றைப் பிசைந்த கையோடு எழுந்து நிற்பார்.

அதற்குக் காரணம் உண்டு. நான் கைக்குழந்தையாக இருந்தபோது அந்த இஞ்சினில் டக் டக் என்று ஒரு சத்தம் வந்ததாம். நிறுத்த வேண்டும் என்று அப்பா சொல்லியிருக்கிறார். கையில் இருக்கிற பால் முடியட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று மேலே இருந்தவர்கள் சொல்லிவிட்டார்கள். கொஞ்ச நேரத்தில் உள்ளே இருந்த ராடு உடைந்து, இஞ்சின் வயிற்றைப் பிளந்துகொண்டு வெளியே வந்தது. பக்கத்தில் எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தவர் ஒரு காலை இழந்தார். அவர் கட்டையை ஊன்றிக்கொண்டு எங்கள் வீட்டைக் கடந்து போகும்போதெல்லாம் அப்பா உள்ளே போய்விடுவார். சத்தம் வந்தால் நிறுத்திவிட வேண்டும் என்பது அப்பாவுக்கு அன்று பதிந்துபோனது. இதை மனதில் வைத்துக்கொண்டு மற்றதைக் கேளுங்கள். அப்பாவைத் திட்டத் தோன்றும்போது எனக்கு நானே சொல்லிக்கொள்வதும் இதைத்தான்.

எனக்கு ஒன்பது வயதிருக்கும்போது அம்மா மறுபடியும் உண்டாகியிருந்தார். எனக்குப் பிறகு தங்கிய ஒன்று வயிற்றிலேயே போய்விட்டது. அந்தத் தடவை அம்மா பிழைத்ததே பெரிது என்று பக்கத்து வீட்டு அக்கா சொல்வார். அதனால் இந்தத் தடவை தோட்டத்து மருந்தகத்தைப் பார்த்துக்கொள்ளும் டிரெஸர் முன்கூட்டியே அப்பாவைக் கூப்பிட்டுச் சொன்னார்: "இங்க வச்சுப் பாக்க முடியாது. வலி எடுத்த ஒடனே ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருங்க. லோரிக்குக் காத்துக்கிட்டு நிக்காதீங்க."

தோட்டத்தில் இருந்தது ஒரே ஒரு லோரி. அது ஷீட் ஏற்றிக்கொண்டு போனால் எப்போது திரும்பும் என்று யாருக்கும் தெரியாது. அப்பா பங்களாவுக்குப் போனார். வேலையை விட்டுப் போகவிருந்த சின்ன துரை ஒருவர், இஞ்சின் செத்துப்போன தன் காரைக் கொட்டகையில் போட்டு வைத்திருந்தார். அதைக் கேட்டு வாங்கி, கயிறு கட்டி லோரியால் இழுத்துக்கொண்டு வந்தார் அப்பா. ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி நேராக முன்னால் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். லயமே வெளியே வந்து சிரித்தது. "என்னா இஞ்சின்காரரே, கார் வாங்குனீங்களா, கோழிக் கூண்டு வாங்குனீங்களா?" என்று யாரோ கத்தினார்கள். காருக்குள் உண்மையிலேயே கோழி அடைத்த வாடை இருந்தது. அம்மா ஈரத் துணியால் சீட்டைத் துடைத்துக்கொண்டே, "சிரிக்கட்டும். போகும்போது கைய காட்டிட்டுப் போவோம்," என்றார்.

இஞ்சினைக் கட்டுவதற்கு மாமா வந்தார். அம்மாவுடன் பிறந்த ஒரே தம்பி. ஈப்போவில் ஒரு ஒர்க்ஷாப்பில் வேலை. இந்த மாதிரிக் கார்களை அங்கே நிறையப் பிரித்திருக்கிறார். தலைக்கு வாசனைத் தைலம் தேய்த்துப் படிய வாரியிருப்பார். வந்த நாளிலிருந்து எங்கள் வீட்டில் ரேடியோவைவிட மாமாவின் வாய்தான் அதிகம் பாடியது. அப்பாவுக்கு அவரைப் பிடிக்கும். பிடிக்கும் என்பதைக் காட்டிக்கொள்ளத் தெரியாது, அவ்வளவுதான். டீசல் பற்றி அப்பா சொல்வார், இந்தக் கார் பற்றி மாமா சொல்வார். ஒருவர் சொல்வதை மற்றவர் பாதியில் வெட்டுவார். அம்மா உள்ளே இருந்து, "ரெண்டு பேரும் இஞ்சின கட்டுங்க, கதை கட்டாதீங்க," என்பார்.

இஞ்சினைக் கீழே இறக்கி, வாசலில் தகரக் கூரைக்கு அடியில் ஒரு பலகை மேஜை மேல் வைத்தார்கள். இந்த இஞ்சினில் பிஸ்டன்கள் நிமிர்ந்து நிற்பதில்லை. பக்கத்துக்கு இரண்டாகப் படுத்திருக்கும். எல்லாவற்றையும் கழற்றிய பிறகு நடு உடம்பு மட்டும் மேஜையில் கிடந்தது. இரண்டு பக்கமும் இரண்டிரண்டு ராடுகள், யாரையோ கூப்பிடக் கை நீட்டியதுபோல. ஒரு முனையில் மாட்டும் பெரிய சக்கரமான ஃபிளைவீலை, பல் தேய்ந்திருக்கிறது என்று ஈப்போவுக்கு அனுப்பியிருந்தார்கள்.

புதுப் பிஸ்டன்கள் எண்ணெய்க் காகிதத்தில் சுற்றி வந்தன. பிரித்தபோது வெள்ளிப் பாத்திரம் மாதிரி மின்னின. ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு சின்ன அம்பு பொறித்திருந்தது. நான் அதை விரலால் தடவிப் பார்த்தேன். மாமா சொன்னார்:

"பாப்பா, இந்த அம்பு ஃபிளைவீல் பக்கம் பாக்கணும். ஏன் தெரியுமா? ராடோட சேக்குற இந்தப் பின்னு நட்ட நடுவுல இல்ல. ஒரு முடி தள்ளி இருக்கு. திருப்பிப் போட்டா பிஸ்டன் மேல போறப்ப சுவத்துல முட்டும்."

"கொழந்தைக்கு என்னாடா தெரியும்?" என்றார் அப்பா. ஆனால் அவரும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

அன்று மத்தியானம் அம்மாவின் சோற்றுப் பானையில் பிஸ்டன்களைப் போட்டுக் கொதிக்க வைத்தார்கள். சூடாக இருந்தால்தான் பின் வழுக்கிக்கொண்டு உள்ளே போகும். "அலாமாக்! இது சோறு வடிக்கிற பானைடா!" என்று அம்மா தலையில் கை வைத்தார். "புது பிஸ்டன்க்கா. ஒங்க பானைய விட சுத்தம்," என்றார் மாமா. அம்மா கரண்டியை ஓங்கினார். அப்பா சிரித்தார். அப்பா பல் தெரியச் சிரித்து நான் பார்த்தது கொஞ்சம்தான். அதில் அது ஒன்று.

அந்த நேரம் பார்த்து மழை பிடித்துக்கொண்டது. நம் பக்கத்து மழை எப்படி என்று உங்களுக்குத் தெரியும். தகரத்தின் மேல் கல்லைக் கொட்டுவதுபோல ஒரே இரைச்சல். பிஸ்டன் ஆறுவதற்குள் மாட்டியாக வேண்டும். மாமா மேஜையின் ஒரு பக்கம், அப்பா எதிர்ப்பக்கம். ஆளுக்கு இரண்டு. நான் வாசற்படியில் உட்கார்ந்திருந்தேன், அம்மா பின்னாலிருந்து எனக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தார். அப்பா துணியால் சூட்டைப் பிடித்துக்கொண்டு கத்தினார்:

"அம்பு எந்தப் பக்கம்டா?"

"ஃபிளைவீல் பக்கம் மச்சான்!"

"அதான் இங்க இல்லியே! எந்தக் கைப் பக்கம்?"

மாமா தன் வலது கையைத் தூக்கிக் காட்டினார். "வலது கை! வலது கைப் பக்கம்!"

அப்பா தலையை ஆட்டினார். இருவரும் குனிந்து வேலையைப் பார்த்தார்கள். பிஸ்டன்கள் மேல் சிலிண்டர்கள் ஏறின, அதன் மேல் மூடிகள் ஏறின. அம்புகள் உள்ளே போய்விட்டன.

ஃபிளைவீல் வந்து, இஞ்சினைத் திரும்ப ஏற்றிய காலையில் லயத்துப் பிள்ளைகள் எல்லாம் வந்து நின்றார்கள். மாமா சாவியைத் திருப்பினார். இரண்டு தடவை இருமிவிட்டு இஞ்சின் பிடித்துக்கொண்டது. பிள்ளைகள் கை தட்டினார்கள். அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அப்பா மட்டும் சிரிக்கவில்லை. கை தட்டல் ஓய்ந்ததும் எல்லோருக்கும் அது கேட்டது. டக், டக், டக். தகர டப்பாவை உள்ளிருந்து யாரோ தட்டுவதுபோல.

மாமா நீளமான திருப்புளி ஒன்றை எடுத்தார். அதன் முனையை இஞ்சின்மேல் வைத்து, கைப்பிடியைக் காதில் ஒட்டவைத்துக் கேட்டார். ஒரு பக்கம் கேட்டார். அடுத்த பக்கம் கேட்டார். நான் கேட்டதற்கு என் காதிலும் வைத்தார். ஒரு பக்கம் அமைதியாக உறுமியது. மறுபக்கம் காதுக்குள் சுத்தியல் அடித்தது. மாமா நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தார், அப்பாவை அல்ல.

"எந்தப் பக்கம்டா?" என்றார் அப்பா.

"சூடானா கொறைஞ்சிரும் மச்சான்."

"நான் அத கேக்கல. எந்தப் பக்கம்?"

மாமா கையைத் துடைத்துக்கொண்டு குழாயடிக்குப் போனார். கொஞ்ச நேரத்தில் அம்மாவும் வாளியை எடுத்துக்கொண்டு அங்கே போனார். அவர்கள் பேசிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். என்ன பேசினார்கள் என்று அப்போது தெரியவில்லை. அம்மா ஒரு தடவை மாமாவின் தோளைத் தொட்டார்.

திரும்பி வந்த மாமா, "பிரிச்சுப் பாத்துருவோம் மச்சான். ரெண்டு நாள் வேல," என்றார்.

"நீ திருப்பிப் போட்டுட்டியா?"

மாமா பேசவில்லை. அந்த மௌனத்தை அப்பா ஒப்புதல் என்று எடுத்துக்கொண்டார்.

"பேசுற வாய் வேலையில இல்ல. வயித்துப் புள்ளக்காரிய இதுல ஏத்திட்டுப் போவன்னு நெனச்சியா? நீ இனிமே இதுல கை வைக்காத. காஸ்கட் வரட்டும், நானே பிரிச்சுக்கிறேன்."

"மச்சான், வெறும் சத்தம்தான். ஓடும். நம்புங்க."

"சத்தம் வந்தா என்னா ஆகும்னு எனக்கு நீ சொல்றியா?"

மறுநாள் மாமா தன் துணிப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். ஈப்போ ஒர்க்ஷாப்புக்கும் திரும்பவில்லை. கடலோரத்தில் இருக்கும் லூமுட்டில் மீன் படகு இஞ்சின்களைப் பார்க்கும் வேலைக்குப் போய்விட்டதாகத் தகவல் வந்தது.

இஞ்சினைத் திரும்பப் பூட்டும்போது இடையில் வைக்க வேண்டிய காஸ்கட் ஈப்போவிலிருந்து வருவதற்குள் அம்மாவுக்கு வலி வந்துவிட்டது. நாள் இன்னும் இருந்தது, முன்னதாகவே வந்துவிட்டது. காலை நேரம். ஆள் கணக்கு எடுக்கும் பெரட்டு முடிந்து ஆட்கள் காட்டுக்குள் போய்விட்டார்கள். லோரி ஷீட் ஏற்றிக்கொண்டு போய்விட்டது. புல்லில் பனி காயவில்லை. அப்பா அம்மாவைத் தாங்கிக்கொண்டு வந்து காரின் பின்சீட்டில் படுக்க வைத்தார். பக்கத்து வீட்டு அக்கா தலையணை கொண்டுவந்து வைத்தார். நான் துணி மூட்டையைக் கொடுத்தேன். அம்மாவின் உதடு வெளுத்திருந்தது. ஆனாலும் என் கன்னத்தைத் தட்டி, "அக்கா வீட்டுல சாப்பிட்டுட்டு ஸ்கூலுக்குப் போ," என்றார். அன்று பள்ளி விடுமுறை. எனக்கு அது தெரியும், அம்மாவுக்கு மறந்துவிட்டது.

அப்பா சாவியைத் திருப்பினார். குளிர்ந்துபோன இஞ்சின். டக், டக், டக், டக் என்று முன்னைவிட இரண்டு மடங்கு பலமாக அடித்தது. கார் கொஞ்ச தூரம் நகர்ந்தது. பிறகு நின்றது. அப்பா இஞ்சினை அணைத்துவிட்டார்.

"வேணாம். நடுவழியில ஒடஞ்சுரும். காட்டுக்குள்ள நின்னுட்டா ஆளும் கெடைக்காது."

"போலாங்க," என்றார் அம்மா. "ஓடும்."

"ஒனக்கு என்னா தெரியும்?"

"தம்பி ஓடும்னு சொன்னான்."

அந்தப் பேச்சை மட்டும் அம்மா எடுத்திருக்கக் கூடாது. அப்பாவின் முகம் இறுகிப்போனது. "அவன் பேச்ச நம்பித்தான் இப்படி நிக்கிறோம்," என்று சொல்லி, அம்மாவைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் வந்தார். ஒருவரை சைக்கிளில் லோரியைத் தேட அனுப்பினார். டிரெஸர் ஓடி வந்தார். தன்னால் ஆனதையெல்லாம் செய்தார். என்னை வெளியே அனுப்பிவிட்டார்கள். நான் அந்தக் காரின் பக்கவாட்டுப் படியில் போய் உட்கார்ந்துகொண்டேன். உள்ளே இருந்து துணிகளைக் கொண்டுவந்து பக்கத்து வீட்டு அக்கா வாளியில் போட்டார். வாளித் தண்ணீரின் நிறத்தைப் பார்த்ததும் நான் தலையைத் திருப்பிக்கொண்டேன்.

லோரி வந்தபோது வெயில் ஏறிவிட்டது. பின்னால் மெத்தையைப் போட்டு அம்மாவைக் கிடத்தினார்கள். அப்பா அம்மாவின் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். செம்மண் பாதையில் தூசியைக் கிளப்பிக்கொண்டு லோரி போனது. தார் ரோட்டைத் தொடும் முன்பே அம்மா போய்விட்டார். வயிற்றில் இருந்ததும் போய்விட்டது. அது தம்பியா தங்கையா என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. பெரியவளான பிறகு கேட்கலாம் என்றிருந்தேன். கேட்கவில்லை.

சாவுக்கு மாமா வந்தார். பிறந்த வீட்டுக் கோடிச் சேலையைக் கையில் வைத்துக்கொண்டு, தலை கலைந்து, செருப்பில்லாமல் வந்தார். கூடப் பிறந்தவன் போர்த்த வேண்டிய சேலை. வாசலிலேயே அப்பா அவரை மறித்துக்கொண்டார்.

"எங்கடா வந்த? நீ மாட்டுன இஞ்சின்தான்டா அவள கொன்னுச்சு! வாரதுக்கு வெக்கமா இல்ல?"

பெரியவர்கள் சிலர், "கோடிய மட்டும் போட்டுட்டுப் போகட்டுமே," என்றார்கள். அப்பா சேலையைத் தட்டிவிட்டார். அது மண்ணில் விழுந்தது. மாமா குனிந்து அதை எடுத்துத் தூசி தட்டினார். ஒரு வார்த்தை, 'நான் இல்லை' என்ற ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பாதைக்கு அப்பால் பால் மரத்தடியில் போய் நின்றார். அம்மாவை எடுத்துக்கொண்டு போகும்போது ஊர்வலத்துக்குப் பின்னால், வெகு தூரம் விட்டு, சேலையை மார்போடு அணைத்துக்கொண்டு நடந்து வந்தார். எனக்கும் அவர் மேல் அன்று வெறுப்பாகத்தான் இருந்தது. அப்பா சொன்னதை அப்படியே நம்பினேன்.

கருமாதி முடிந்த பிறகு அப்பா இஞ்சினை இறக்கினார். மாமாவின் தப்பைக் கண்ணால் பார்க்க வேண்டும், நாலு பேருக்குக் காட்ட வேண்டும் என்று ஒரு வெறி. பகல் நேரம். மாமா வேலை செய்த பக்கத்தை முதலில் திறந்தார். பிஸ்டன் தலைகள் கரி பிடித்துக் கறுத்திருந்தன. மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தார். அம்பு மெல்லத் தெரிந்தது. இப்போது ஃபிளைவீல் மாட்டியிருந்தது, சந்தேகத்துக்கு இடமில்லை. அம்பு ஃபிளைவீலைப் பார்த்துக்கொண்டிருந்தது. அடுத்ததைத் துடைத்தார். அதுவும் அப்படியே.

அப்பா துணியைக் கீழே வைத்தார். பிறகு மேஜையைச் சுற்றிக்கொண்டு, தன் பக்கத்துக்கு வந்தார். திறந்தார். துடைத்தார். தான் மாட்டிய இரண்டு அம்புகளும் நேர் எதிராக, காற்றாடிப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தன.

அப்பா அழவில்லை. கட்டை விரலை அந்த அம்பின் மேல் வைத்து அழுத்திக்கொண்டு நின்றார். "அப்பா," என்று கூப்பிட்டேன். திரும்பவில்லை. நான் போய்ச் சட்டையைப் பிடித்து இழுத்தபோதுதான் விரலை எடுத்தார்.

இரண்டையும் திருப்பி மாட்டினார். பிஸ்டனைச் சூடு செய்ய அதே பானையைத்தான் எடுக்க வேண்டியிருந்தது. இந்த முறை அதற்காக அவரைத் திட்ட வீட்டில் ஆள் இல்லை. இஞ்சினை ஏற்றி ஓட்டிப் பார்த்தார். சத்தம் இல்லை.

அடுத்த விடுமுறை நாளில் என்னை முன்சீட்டில் உட்கார வைத்துக்கொண்டு லூமுட்டுக்குக் கிளம்பினார். படகுத்துறைக்குப் பக்கத்தில், மீன் வாடையும் டீசல் வாடையும் கலந்து அடிக்கும் ஒரு கொட்டகை. அப்பா இஞ்சினை அணைக்காமல் வாசலில் நிறுத்தினார். மாமா எண்ணெய்க் கையோடு வெளியே வந்தார். மெலிந்திருந்தார். எங்களைப் பார்க்கவில்லை, தலையைச் சாய்த்து இஞ்சினைக் கேட்டார். அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது முகத்தில் தெரிந்தது.

அப்பா இஞ்சினை அணைத்துவிட்டு இறங்கினார்.

"எம் பக்கம்தான்டா."

"தெரியும் மச்சான்."

"எப்ப தெரியும்?"

"மொத நாளே. காதுல வச்சுக் கேட்டனே."

"ஏன்டா சொல்லல?" அப்பாவின் குரல் கிறீச்சிட்டது. "ஏன்டா பாவி சொல்லல?"

மாமா என்னைப் பார்த்தார். "பாப்பா, போய் படகு பாரு," என்றார். நான் போகவில்லை. அவர் கீழே பார்த்துக்கொண்டு சொன்னார்.

"அக்காதான் வேணாம்னாங்க. கொழாயடியில. 'அவரு மாட்டுன பக்கம்னு சொல்லிராதடா. கார இழுத்துட்டு வந்தப்பவே தோட்டமே சிரிச்சிச்சு. இப்ப இதையும் சொன்னா மனுஷன் ஒடஞ்சு போயிருவாரு. ஒன் தப்புன்னே இருக்கட்டும், ரெண்டு நாள்ல கோவம் போயிரும்'னாங்க. சரின்னுட்டேன். ரெண்டு நாள்ல போயிரும்னுதான் நானும் நெனச்சேன் மச்சான்."

அப்பா அங்கிருந்த மீன் பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டார். தன்னைக் காப்பாற்றத்தான் அம்மா வாயை மூடிக்கொண்டார் என்பதை அந்த இடத்தில்தான் அவர் கேட்டார். பின்சீட்டில் படுத்துக்கொண்டு, உதடு வெளுத்து, 'ஓடும்' என்று சொன்னபோதுகூட அம்மா காரணத்தைச் சொல்லவில்லை. அப்பா அதை நினைத்திருப்பார். வாயைக் கையால் பொத்திக்கொண்டார். அந்தக் கைக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. மனிதர்கள் அப்படிச் சத்தம் போடுவார்கள் என்று எனக்கு அதுவரை தெரியாது.

மாமா உள்ளே போய், காகிதத்தில் மடித்து வைத்திருந்த அந்தக் கோடிச் சேலையைக் கொண்டுவந்தார். மண் கறை அப்படியே இருந்தது.

"இத என்னா செய்யிறது மச்சான்? கடல்ல விடவும் மனசு வரல. வச்சுக்கவும் முடியல."

அப்பா கையை நீட்டி வாங்கிக்கொண்டார். பிறகு மாமா எங்களுக்குச் சோறு வாங்கி வந்தார். யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. அந்தச் சேலை எங்கள் வீட்டு அலமாரியில் பல வருடம் இருந்தது. தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றபோது அவசரமாகக் கிளம்பினோம் அல்லவா, அதில் எங்கே போனதென்று தெரியவில்லை.

மாமா என் சடங்குக்கு வந்தார், கல்யாணத்துக்கு வந்தார், மாமன் செய்ய வேண்டிய சீரையெல்லாம் குறையில்லாமல் செய்தார். அப்பாவும் அவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து தேத்தண்ணி குடிப்பார்கள். மழையைப் பற்றிப் பேசுவார்கள். இஞ்சின் பேச்சு மட்டும் வராது. வாசலில் ஏதாவது கார் வந்து நின்றால் இருவரும் பேச்சை நிறுத்துவார்கள். மாமா முதலில் போனார். சில வருடம் கழித்து அப்பா.

அதற்குப் பிறகுதான் எனக்கு அந்த மழை நாள் விளங்கியது. நான் ஈப்போவில் ஒரு தாடிகாவில் சின்னப் பிள்ளைகளுக்கு ஆசிரியையாக இருந்தேன். ஒரு நாள் பிள்ளைகளுக்கு எதிரே நின்று, "எல்லாரும் வலது கைய தூக்குங்க," என்று என் வலது கையைத் தூக்கிக் காட்டினேன். பாதிப் பிள்ளைகள் என்னைப் பார்த்து இடது கையைத் தூக்கினார்கள். மீதிப் பேர் தங்கள் வலது கையைத் தூக்கினார்கள். அது என் இடது கைப் பக்கம் இருந்தது. தூக்கிய கையை இறக்க முடியாமல் நின்றேன். மேஜைக்கு எதிரெதிர்ப் பக்கம் நின்ற இரண்டு பேர். வலது கைப் பக்கம் என்றார் மாமா. அப்பா தன் வலது கைப் பக்கம் திருப்பினார். சொன்னவர் சரியாகச் சொன்னார். கேட்டவர் சொன்னபடி செய்தார். இதைப் போய்ச் சொல்ல எனக்கு அப்பா இல்லை. மாமாவும் இல்லை.

இன்னும் ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன் என்று நினைக்கிறேன்.

லூமுட்டிலிருந்து வந்த பிறகு, ஒரு காலையில் அப்பா என்னை எழுப்பினார். பெரட்டு முடிந்த நேரம். புல்லில் பனி இருந்தது. காரில் ஏறச் சொன்னார். அம்மாவைப் படுக்க வைத்த பின்சீட்டில் நான் தனியாக உட்கார்ந்தேன். அப்பா கைக்கடிகாரத்தைப் பார்த்தார், சாவியைத் திருப்பினார். செம்மண் பாதையில் பள்ளங்களுக்கு வளைந்து கொடுத்து, நோயாளி உள்ளே இருப்பதுபோல மெதுவாக ஓட்டினார். தார் ரோடு வந்தது. காம்பார் கடந்தது. சுண்ணாம்பு மலைகள் வந்தன. எங்கே போகிறோம் என்று நான் கேட்கவில்லை.

ஈப்போ பெரிய ஆஸ்பத்திரி வாசலில் கார் நின்றது. அன்று லோரி எங்கள் வாசலுக்கு வந்தபோது இருந்த வெயில்கூட இன்னும் ஏறியிருக்கவில்லை. காவலாளி ஒருவர் குனிந்து, உள்ளே போக வேண்டுமா என்று மலாயில் கேட்டார். அப்பா இல்லை என்று தலையாட்டினார். யாரைப் பார்க்க வந்தீர்கள் என்று அவர் கேட்டார். அப்பா கைக்கடிகாரத்தைத் திரும்பவும் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"மணி என்னாப்பா?" என்று கேட்டேன்.

அப்பா கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு காரைத் திருப்பினார். அதற்குப் பிறகு கடைசி வரை அவர் கையில் கடிகாரம் கட்டி நான் பார்க்கவில்லை.